பொனிபஸ் அங்கிளின் நற்சான்று

டெபோராவின் அழைப்பு வந்தபோது மேரிறோஸ் கணுக்கால் புதைய நின்று வாரியால் மணலைச் சமப்படுத்திக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. ஒன்பது வருடமாக அவளுடைய நாள் இப்படித்தான் தொடங்குகிறது. சிட்னியின் கிழக்குக் கரையில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் பீச் வொலிபோல் அணிக்கு, அதாவது கடற்கரைக் கரப்பந்து அணிக்கு, அவள் உதவிப் பயிற்சியாளர். உதவி என்றால் சும்மா உதவி இல்லை. மணலை வாருவது அவள், எல்லைக் கயிறு இழுத்துக் கட்டுவது அவள், பந்துகளுக்குக் காற்றடிப்பது அவள், ஒரு பயிற்சிக்கு முந்நூறு பந்து தூக்கிப் போடுவது அவள், எதிரணிகளின் வீடியோவை நாலு தரம் பார்த்து யார் எந்தப் பக்கம் அடிப்பாள் என்று குறிப்பெழுதுவதும் அவள்தான். தலைமைப் பயிற்சியாளர் க்ரெக் கறுப்புக் கண்ணாடியோடு வந்து நின்று விசில் ஊதுவார். குறை சொல்லக் கூடாது, நல்ல மனிதர். ஆனால் விசில் ஊதுவதற்கு எவ்வளவு நேரம் போய்விடப் போகிறது!

அந்த க்ரெக் இப்போது மனைவியின் ஊரான கெய்ர்ன்சுக்குக் குடிபெயர்கிறார். அவருடைய இடம் காலி. மேரிறோஸ் விண்ணப்பித்திருந்தாள். இறுதிச் சுற்றில் இரண்டே பேர், அவளும் பெர்த்திலிருந்து ஒருவனும். நேர்முகம் புதன்கிழமை முடிந்துவிட்டது. ஒன்பது வருடம் இன்னொருவரின் விசிலுக்கு ஓடியவளுக்கு, ஓர் அணியைத் தன் புத்திப்படி கட்டிப் பார்க்க ஆசை. அந்த ஆசை முற்றிப்போய் ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. கணவன் டினேஷ்கூட, "வேலை கிடைக்குதோ இல்லையோ, நீ ஒருக்கா ஒழுங்காச் சாப்பிடு" என்று கெஞ்சிப் பார்த்துவிட்டான்.

"றோஸ், இதை நான் உன்னிடம் சொல்லக் கூடாது," என்று ஆரம்பித்தாள் டெபோரா. அவள் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் மேலாளர். மூன்று பேர் கொண்ட தேர்வுக் குழுவின் தலைவியும் அவளே. "மூன்று மணிக்குக் குழு கூடி முடிவெடுக்கிறது. நேர்முகத்தில் நீ நன்றாகத்தான் பேசினாய். க்ரெக்கும் உன்னைப் பற்றி நல்லபடியாகச் சொன்னார். பிரச்சினை, உனக்காகப் பேச நீ பெயர் கொடுத்த இரண்டாவது ஆள்."

"பொனிபஸ் அங்கிளா?"

"நேற்று அவரோடு நாற்பது நிமிடம் பேசினேன். றோஸ், அவருக்கும் உனக்கும் ஏதாவது பகையா?"

மேரிறோசுக்குக் கேட்டது விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னாள்.

"அவர் சொன்னதை இன்று காலை நான் குழுவில் வாசித்தேன். மற்ற இரண்டு பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். உன்னைத் தலைமைப் பதவிக்கு எடுக்காதீர்கள் என்று இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. என்ன சொன்னார் என்று நான் வாய் திறக்க முடியாது, அது விதி. மூன்று மணிக்கு முதல் உன்னால் ஏதாவது செய்ய முடியுமென்றால் செய்." அவ்வளவுதான். டெபோரா வைத்துவிட்டாள்.

மேரிறோஸ் பேயறைந்தவள் மாதிரி நின்றாள். பொனிபஸ் அங்கிளா? அவள் மாணவ விசாவில் வந்து இறங்கிய நாளில் விமான நிலையத்துக்கு வந்து பெட்டி தூக்கியவர். மன்னாரில் அவளுடைய அப்பாவோடு ஒரே வகுப்பில் இருந்தவர். பென்டில் ஹில் என்ற புறநகரில் தன் வீட்டுப் பின்னறையில் இரண்டு வருடம் வைத்துச் சோறு போட்டவர். மேற்கு சிட்னித் தமிழர்களின் கரப்பந்துச் சுற்றுப்போட்டியை இருபது வருடமாக ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு போகிறவர். அவள் கல்யாணத்தன்று, ஊரிலிருந்து வர முடியாத அப்பாவின் இடத்தில் நின்று, கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப் போனவரும் அவர்தான். அவரா கழுத்தறுத்தார்? நம்ப முடியவில்லை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை, டெபோரா பொய் சொல்லுகிற ஆள் இல்லை.

பதினொரு மணிப் பயிற்சியை அணித்தலைவியிடம் ஒப்படைத்துவிட்டுக் காரை எடுத்தாள். ஒன்பது வருடத்தில் அவள் தவறவிட்ட முதல் பயிற்சி அது. வழியெல்லாம் அதே யோசனை. அங்கிளுக்கு நான் என்ன குறை வைத்தேன்? போன வருடச் சுற்றுப்போட்டிக்கு அரை மணி பிந்திப் போனது குற்றமா? அவர் மனைவி விமலா அன்ரியின் அறுபதாவது பிறந்தநாளில் கேக் வெட்டும்வரை நிற்காமல் ஓடி வந்தோமே, அதுவா? இல்லையென்றால் டினேஷ் ஏதாவது உளறிவிட்டானா? யோசிக்க யோசிக்க ஒரு காரணமும் பிடிபடவில்லை.

உண்மையில் தப்பு விண்ணப்பப் படிவத்திலேயே தொடங்கிவிட்டது. உங்கள் வேலையை அறிந்த இரண்டு பேரின் பெயரைத் தாருங்கள், ஒருவர் வெளியாளாக இருக்க வேண்டும் என்று படிவம் கேட்டது. மாநில அணி முகாம்களில் அவளோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பயிற்சியாளரின் பெயரைப் போடச் சொன்னான் டினேஷ். "அங்கிள் இருக்கேக்க வேற ஆளைப் போட்டா அவருக்கு மனம் நோகும்," என்றாள் இவள். எங்கள் ஆட்களுக்கு இது ரத்தத்தில் ஊறிய பழக்கம், என்ன செய்வது! ஊரில் வேலைக்கு எழுதிப் போட்டால் பங்குச் சுவாமியிடமோ இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபரிடமோ போய், இன்னார் நன்னடத்தை உடையவர் என்று ஒரு நற்சான்றுத் துண்டு வாங்கி இணைப்போம். பெரிய மனிதரின் கையெழுத்து இருந்தால் போதும். அவருக்கு நம் வேலையைப் பற்றி என்ன தெரியும் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. இங்கே அப்படியா? இங்கே ஃபோன் எடுத்துக் குடைவார்கள். குடையும்போது எதிர்முனையில் இருக்கிறவர் என்ன சொல்லுவார் என்பதை மேரிறோஸ் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அங்கிள்தானே, நல்லதைத்தான் சொல்லுவார் என்று இருந்துவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்த மனிதரின் முகத்தில் பகையா? அட, அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கிறவர் மாதிரி வாயெல்லாம் பல்.

"வா, வா, ஹெட் கோச் அம்மா! விமலா, ஆர் வந்திருக்கிறா எண்டு பார்! நான் சொன்னனான் எல்லே, ரெண்டு நாளுக்குள்ள முடிவு வரும் எண்டு? இரு பிள்ளை, கதிரையில இரு."

மேசையில் ஹரிஸ் பார்க் இந்தியக் கடையில் வாங்கிய லட்டுப் பெட்டி திறக்காமல் இருந்தது. விமலா அன்ரி குசினிக்குள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "கிடைச்சிட்டுதோ பிள்ளை? மாதாவே!" என்று இவள் கன்னத்தைப் பிடித்தாள். வரும் வழியில் தயார்படுத்தி வைத்திருந்த கேள்விகள் எல்லாம் அந்தச் சிரிப்பைக் கண்டதும் எங்கோ ஓடிவிட்டன.

"இன்னும் முடிவு வரேல்லை அங்கிள்," என்றாள். "நேற்று டெபோரா உங்களுக்கு எடுத்தவாவோ?"

"எடுக்காமல்? நாப்பது நிமிஷம் பிள்ளை! நான் விடேல்லையே! ஆயத்தம் இல்லாமல் கதைக்கிற ஆளே நான்? ரெண்டு நாளா இருந்து எழுதின நான்." எழுந்து போய், மாதா சொரூபத்துக்குக் கீழே செருகியிருந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கொடுக்கிற அறிவித்தல் தாள். அதன் பின்பக்கத்தில் நீல மையால், அச்சடித்த மாதிரி எழுத்தில், ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார்.

"முதல் பாயின்ற்றே எப்பிடி பார். 'ஷீ இஸ் எ வெரி ஒபீடியன்ற் கேர்ள்.' சொன்னதைச் செய்யிற பிள்ளை. ரெண்டு வருஷம் என்ர வீட்டில இருந்தவள், பெரியாக்கள் இருக்காமல் தான் ஒரு நாளும் கதிரையில இருந்ததில்லை எண்டனான். அதுக்குப் பிறகு அவா ஒரு கேள்வி கேட்டவா. மேலதிகாரியோட கருத்து வேறுபாடு வந்தா இவ எப்பிடிச் சமாளிப்பா எண்டு. நான் சொன்னன், 'மடம், அந்தப் பிள்ளைக்குக் கருத்து வேறுபாடே வராது!' அவா அப்பிடியே அசந்து போனா. ஒரு சத்தமும் இல்லை."

"அங்கிள்..."

"பொறு பிள்ளை, இன்னும் கிடக்கு. அந்த க்ரெக்குக்குக் கீழ ஒன்பது வருஷம், ஒரு நாள், ஒரு சொல், எதிர்த்துக் கதைச்சதில்லை எண்டனான். முன்னுக்கு நிக்க ஆசைப்படாத பிள்ளை, குரூப் போட்டோ எடுத்தாலும் பின்வரிசையிலதான் போய் நிப்பாள் எண்டனான். கடைசியா ஒரு போடு போட்டன் பார்!" அங்கிள் தாளை மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். இது மனப்பாடம் போலிருக்கிறது. "'மடம், இந்த வேலைய நீங்கள் வேற ஆருக்குக் குடுத்தாலும் இவள் ஒரு துளி கோவிக்க மாட்டாள். வாற ஆளுக்குக் கீழயும் இதே சிரிச்ச முகத்தோட வேலை செய்வாள். அவ்வளவு தங்கமான குணம்.' அதைக் கேட்டிட்டு அவா என்ன சொன்னவா தெரியுமே? 'தாங்க் யூ, வெரி ஹெல்ப்ஃபுல்' எண்டவா!"

அன்ரி பூரித்துப்போய் லட்டுப் பெட்டியின் நாடாவை அவிழ்த்தாள்.

பகை என்றால் கோபப்படலாம், பொறாமை என்றால் திட்டலாம். இந்த மனிதர் இரண்டு நாள் உட்கார்ந்து, தேடித் தேடி, தனக்குத் தெரிந்ததிலேயே ஆகச் சிறந்த வார்த்தைகளால் அவளைப் புகழ்ந்திருக்கிறார். புகழ்ந்தே குழியில் தள்ளி மண்ணையும் மூடியிருக்கிறார். வேறு ஆளுக்குக் கொடுத்தாலும் கோவிக்க மாட்டாளாம்! அதை அவர்கள் காதில் போட்ட பிறகு யார்தான் அவளுக்குக் கொடுப்பார்கள்? சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், அந்த வேலை எனக்கு இல்லையாம் போல கிடக்கு," என்றாள் ஒருவாறு. "நீங்கள் சொன்னதாலதான்."

அன்ரியின் கை பெட்டியின்மேல் நின்றது. மேரிறோஸ் மெல்ல மெல்ல விளக்கினாள். அணியை நடத்துகிறவருக்குக் கருத்து இருக்க வேண்டும், தேவைப்பட்டால் மேலிடத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டும், அவர்கள் தேடுவது அப்படி ஒரு ஆளை என்றாள். அங்கிளின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது.

"அப்ப என்ன, சண்டைக்காரி எண்டே சொல்லச் சொல்லுறாய்?" என்றார் கடைசியில். "ஒரு பொம்பிளைப் பிள்ளைய, என்ர பிள்ளை மாதிரி ஒருத்திய, நான் வேற எப்பிடிச் சொல்லுறது? ஒண்டு சொல்லு பார்ப்பம். நான் சொன்னதில ஒரு பொய் இருக்கே?"

இதற்குத்தான் மேரிறோஸ் ஆயத்தமில்லை. பொய் இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஒன்பது வருடத்தையும் ஒரு தரம் புரட்டிப் பார்த்தாள். க்ரெக்கை அவள் எதிர்த்த ஒரு நாள், ஒரே ஒரு நாள் கிடைத்தால் போதும். கிடைக்கவில்லை. கிடைத்தது ஹன்னாவின் தோள்தான்.

போன மார்ச் மாதம். ஹன்னா அணியின் மிகச் சிறந்த அடிப்பாளர், இருபது வயதுப் பெண். போட்டிக்கு முதல்நாள் அவள் கையைத் தூக்கும் விதத்திலேயே தோளில் ஏதோ பிசகு என்று மேரிறோஸ் கண்டுபிடித்துவிட்டாள். க்ரெக்கிடம் போய், "ஹன்னாவை நாளைக்கு இறக்க வேண்டாமோ என்று யோசிக்கிறேன்," என்று மெதுவாகச் சொன்னாள். "அவள் சமாளிப்பாள்," என்றார் க்ரெக். "சரி," என்றுவிட்டுப் பந்துக்குக் காற்றடிக்கப் போய்விட்டாள். அடுத்த நாள் மூன்றாவது ஆட்டத்தில் ஹன்னாவின் தோள் மூட்டு விலகியது. அந்தப் பிள்ளை மணலில் விழுந்து கத்திய கத்தல்! சத்திரசிகிச்சை, எட்டு மாதம் வீட்டில். க்ரெக்கின் முடிவு, க்ரெக்கின் பிழை என்றுதான் மேரிறோஸ் இத்தனை நாளும் மனதைத் தேற்றி வைத்திருந்தாள். இப்போது பொனிபஸ் அங்கிளின் நீல மை எழுத்து அவள் முகத்துக்கு முன்னால் கிடந்தது. எதிர்த்து ஒரு சொல் கதைச்சதில்லை. புகழ்ச்சி என்று எழுதப்பட்ட அந்த வரி ஒரு குற்றப்பத்திரிகை என்பது அவளுக்கு உறைத்தது. வேலை போகிறதே என்று வந்தவள், இந்த வேலைக்கு நான் தகுதியா என்று அந்த இடத்திலேயே கேட்டுக்கொண்டாள்.

"ஒரு பொய்யும் இல்லை அங்கிள்," என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்ததும் பொனிபஸ் அங்கிளுக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. நல்ல மனிதர்களுக்குப் பதற்றம் வந்தால் அதைப் போல ஆபத்து வேறில்லை. "கவலைப்படாதை, நான் இப்பவே எடுத்துச் சரிக்கட்டுறன்," என்று ஃபோனைத் தூக்கினார். மேரிறோஸ் தடுக்கும் முன்னமே அழைப்பு போய்விட்டது. ஸ்பீக்கரை வேறு போட்டுவிட்டார்.

"ஹலோ மடம், பொனிபஸ் ஸ்பீக்கிங். நேற்று நான் சில விடயங்கள் சொல்ல மறந்துபோனேன்," என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். "மேரிறோஸ் மிகவும் பலமான பெண். எல்லாரோடும் சண்டை பிடிப்பாள். ஒருவருக்கும் அடங்க மாட்டாள்."

டெபோரா மரியாதையாகக் கேட்டாள், "நன்றி, மிஸ்டர் பொனிபஸ். அதற்கு ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?"

அங்கிள் யோசித்தார். சுவரைப் பார்த்தார், அன்ரியைப் பார்த்தார். ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, "பிள்ளை, கெதியா ஒண்டு சொல்லு, நீ ஆரோட சண்டை பிடிச்சனி?" என்று கிசுகிசுத்தார். மேரிறோஸ் உதட்டைப் பிதுக்கினாள். பதின்மூன்று வருடத்தில் இந்த நாட்டில் அவள் ஒருவரோடும் சண்டை பிடித்ததில்லை. மூன்று பேரும் ஒரு ஃபோனைச் சுற்றி நின்று ஒரு சண்டையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கண்றாவி!

திடீரென்று அங்கிளின் கண் மின்னியது. "யெஸ் மடம், உதாரணம் இருக்கிறது! எங்களுடைய சுற்றுப்போட்டியில், ஒரு முறை, இவள் நடுவரின் கன்னத்தில் அறைந்தாள்!"

"என்ன?" என்றாள் டெபோரா.

"ஒரு அறை இல்லை மடம். ரெண்டு!"

நடுவரை அடித்த பயிற்சியாளருக்கு இந்த வேலை என்ன, இந்த நாட்டில் எந்த மைதானத்திலும் காலடி வைக்க இடம் கிடைக்காது. "இல்லை, இல்லை," என்று மேரிறோஸ் கையை ஆட்டினாள். அங்கிள் கவனிக்கவில்லை. அறை வாங்கிய நடுவரின் உயரம், நிறம் எல்லாம் சொல்லத் தொடங்கியிருந்தார்.

"அங்கிள், வாயை மூடுங்கோ!"

அந்தக் கத்தல் தன் தொண்டையிலிருந்துதான் வந்தது என்பதை மேரிறோசே நம்பவில்லை. விமலா அன்ரி நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டாள். தன் வீட்டில், தன் முகத்துக்கு நேரே, தான் வளர்த்த பிள்ளை சொன்ன சொல் பொனிபஸ் அங்கிளின் காதுக்குள் போய்ச் சேர நேரம் எடுத்தது. மேரிறோஸ் எட்டி ஃபோனைப் பிடுங்கினாள்.

"டெபோரா, நான் றோஸ். இங்கேதான் நிற்கிறேன். நடுவரை அறைந்தது பச்சைப் பொய், என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லுகிறார். ஆனால் நேற்று அவர் சொன்னது எல்லாம் உண்மை. நான் ஒருவரையும் எதிர்த்ததில்லை. ஹன்னாவின் தோளில் பிசகு என்று எனக்கு முதல்நாளே தெரியும். க்ரெக்கிடம் ஒரு தரம் மெதுவாகச் சொன்னேன், பிறகு பேசாமல் இருந்துவிட்டேன். அவள் விழுந்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது. அவர் சொன்னதில் ஒன்று மட்டும் இனிமேல் சரிவராது. வேறு ஆளுக்குக் கொடுத்தால் நான் கோவிப்பேன். அந்த ஆளுக்குக் கீழே நான் வேலை செய்ய மாட்டேன்."

"இதை மூன்று மணிக்கு வந்து குழுவின் முன்னால் சொல்லுவாயா?" என்று டெபோரா கேட்டாள். வருகிறேன் என்றாள் மேரிறோஸ்.

ஃபோனை மேசையில் வைத்தபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கேட்கவும் நினைத்தாள். நேரமில்லை. வாசலுக்குப் போனவளின் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அங்கிள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து, காரில் ஏறி உட்கார்ந்தார். எம்-ஃபோர் நெடுஞ்சாலை முழுக்க அவர் யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரேயொரு தரம், பர்ராமற்றா தாண்டும்போது, "என்ர சொந்தப் பிள்ளையள்கூட எனக்கு அப்பிடிச் சொன்னதில்லை," என்றார். மேரிறோஸ் பாதையில் கண் வைத்திருந்தாள்.

குழுவின் முன்னால் இருபது நிமிடம் பேசினாள். என்ன பேசினாள் என்று பிறகு டினேஷ் எவ்வளவு கேட்டும் அவளுக்கு முழுதாக ஞாபகம் வரவில்லை. ஹன்னாவைப் பற்றிச் சொன்னபோது குழுவில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தது மட்டும் நினைவிருக்கிறது. வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் அங்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவர் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டுச் செபமாலை உருட்டுவது தெரிந்தது. அரை மணி, முக்கால் மணி. நாலேகாலுக்கு ஃபோன் அடித்தது. காரின் ஸ்பீக்கரில் டெபோராவின் குரல் பெரிதாகக் கேட்டது.

"றோஸ், இரண்டுக்கு ஒன்று. அந்த ஒன்று நான். ஹன்னாவின் விஷயத்தை நீயாக வந்து சொன்னது துணிச்சல் என்றேன் நான். தெரிந்தும் பேசாமல் இருந்தவளிடம் பிள்ளைகளை எப்படி ஒப்படைப்பது என்றார்கள் அவர்கள். பெர்த்காரருக்குப் போய்விட்டது. என்னை மன்னித்துக்கொள்."

மேரிறோஸ் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து விழுந்த இடிகளில் இது ஆகக் கடைசி.

டெபோரா தொடர்ந்தாள். "ஆனால் ஒரு நல்ல செய்தி. புதியவர் உன்னைப் பற்றி விசாரித்தார். நீ கட்டாயம் வேண்டுமாம். அதே உதவிப் பயிற்சியாளர் வேலை, அதே நாட்கள். மத்தியானம் நீ ஏதோ ஆத்திரத்தில் சொன்னாய், அதைப் பெரிதாக எடுக்க மாட்டோம். திங்கட்கிழமை வழமை போல வருவாய்தானே?"

பொனிபஸ் அங்கிள் துள்ளி நிமிர்ந்தார். "ஓம் எண்டு சொல்லு பிள்ளை! கெதியா ஓம் எண்டு சொல்லு! ஒன்பது வருஷ வேலை, கைவிட்டிடாதை!"

அந்த ஓம் அவள் நாக்கின் நுனியில்தான் இருந்தது. வாழ்க்கை முழுக்க அங்கேயே இருந்த சொல். அந்தக் களம், அந்தப் பிள்ளைகள், இன்னும் மூன்று மாதத்தில் திரும்பி விளையாட வரப்போகிற ஹன்னா, எல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு அந்தப் பக்கம் நின்றன. அவளுக்கு அவை எல்லாம் வேண்டும். கொடுத்துவிட மனமே இல்லை.

"இல்லை, டெபோரா," என்றாள். "நான் வர மாட்டேன்."

"யோசித்துச் சொல், றோஸ்."

"யோசித்துத்தான் சொல்லுகிறேன்."

அழைப்பு முடிந்தது. பொனிபஸ் அங்கிள் அவளை முதன்முறையாகப் பார்க்கிறவர் மாதிரிப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ பிள்ளை, என்ன வேலை செய்துபோட்டாய்! இருந்ததும் போச்சே!" அவருடைய குரல் உடைந்தது. "எல்லாத்துக்கும் நான்தான் காரணம். என்ர வாயால உன்ர வாழ்க்கையக் கெடுத்துப்போட்டன். உன்ர அப்பாவுக்கு நான் என்னத்தைச் சொல்லுவன்? அந்த டெபோரா மனிசிக்கு நான் ஏதோ பிழையாச் சொல்லிப்போட்டன்."

"நீங்கள் ஒண்டும் பிழையாச் சொல்லேல்லை அங்கிள்," என்றாள் மேரிறோஸ். "இண்டைக்கு மத்தியானம் வரைக்கும் நான் அப்பிடித்தான் இருந்தனான்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.